அறுவைக்குப் பிந்தைய வலி: அக்குபங்சர் எதுவரை உதவும்?

தென்னவன்:
முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி மாத்திரைகளை அடுக்கிக் கொடுக்கும் நம் மருத்துவர்கள், அக்குபங்சரை ஏன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை? 1971இல் பீக்கிங்கில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு மயக்க மருந்தே இல்லாமல், ஊசி குத்தியே குடல்வாலை அகற்றியது உலகறிந்த செய்தியாயிற்றே.

மருதன்:
ரெஸ்டன் தாமே நியூயார்க் டைம்ஸில் எழுதியது அப்படி இல்லை, ஐயா. உடலை மரத்துப்போகச் செய்யும் வழக்கமான மருந்தைச் செலுத்தித்தான் அறுவை நடந்தது. இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவர் தவித்தபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று நீண்ட ஊசிகளைச் செருகித் திருகினார்கள், மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார்கள், ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது. வயிற்றறுவைக்குப் பின் ஓய்ந்து கிடக்கும் குடல் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே இயங்கத் தொடங்கும் என்பதால், தணித்தது ஊசியா காலமா என்று ஒரே நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது.

தென்னவன்:
அறுவைக்குப் பிந்தைய நிவாரணம்தானே நம் பேச்சு? அப்படியானால் நீங்கள் சொன்னதும் என் பக்கத்துச் சாட்சிதான்.

செவ்வந்தி:
மயக்கம் தெளியும் அறையில் செவிலியாகப் பணிபுரிகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே, அக்குபங்சரில் பி6 என்னும் புள்ளி இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய குமட்டலையும் வாந்தியையும் அதைத் தூண்டுவது குறைக்கிறதா என்று 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் போலிச் சிகிச்சையைவிட இது பலன் தருகிறது என்றது. ஆனால் அந்தச் சான்றின் தரம் குறைவு என்பதையும் மறைக்கவில்லை.

மருதன்:
குமட்டலுக்குப் பலன் தருவதாலேயே வலிக்கும் தரும் என்று ஆகிவிடாது, அம்மா. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களில் முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினரும் தேறினார்கள். எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், புள்ளிகளின் வரைபடம் எதற்கு?

தென்னவன்:
அதே ஆய்வில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தேறியவர்கள் 27.4 விழுக்காட்டினர் மட்டுமே என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வரைபடம் பொய்யாகவே இருக்கட்டும். வலியால் புரளுகிறவனுக்கு வேண்டியது விளக்கமா, தூக்கமா?

மருதன்:
அவர்கள் ஆண்டுக்கணக்கான இடுப்புவலிக்காரர்கள். நீங்கள் கேட்பதோ தையல் பிரிக்காத முழங்காலைப் பற்றி. மூட்டு மாற்றியவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால், ஊசி குத்துமுன் அறுவை மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். அவர் சம்மதித்து, மாத்திரையோடு சேர்த்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால் குத்திக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்று சொல்பவரிடம் போகக்கூடாது என்பதே என் வாதம். வலி அடங்காமல் காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தள்ளிப்போட்டால், முழங்கால் அப்படியே இறுகிப்போகக்கூடும்.