பறவைகளை எண்ணிக்கொண்டே இருந்தால் போதுமா?

வேலிப்பருத்தி:
வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பறவைகளை விழுந்து விழுந்து எண்ணுகிற ஊர் அது. கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பு மட்டுமே 1900-இலிருந்து நடக்கிறது. இவ்வளவு எண்ணியும் சரிவு நின்றதா? அதே ஆய்வில் வாத்து இனங்கள் பெருகியிருந்தன. காரணம் நிலம். வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் 1934 முதல் காசு கொடுத்து ஒரு முத்திரை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் சதுப்புநிலங்களை வாங்கிக் காக்கிறார்கள். ஆக, பைனாகுலருக்கும் பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் கைபேசிச் செயலிக்கும் போகிற உழைப்பில் பாதியையாவது வாழிடத்தின் பக்கம் திருப்புங்கள் என்கிறேன்.

கூழைக்கடா:
வாத்தை உதாரணம் காட்டினீர்களே, அது என் கட்சிக்குத்தான் பலம். 1955 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் சிறு விமானங்களில் தாழப் பறந்து வாத்துகளை எண்ணுகிறார்கள். அதே ஓட்டத்தில் கீழே தண்ணீர் நிற்கும் குட்டைகளையும் எண்ணுகிறார்கள். எத்தனை வாத்து சுடலாம் என்பதை முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். நிலம் வேறு, எண்ணிக்கை வேறு என்று அவர்கள் பிரிக்கவே இல்லை.

அப்புறம் பாறு கழுகு. மரம் இருந்தது, இரை இருந்தது, கூடு கட்ட இடம் இருந்தது. உங்கள் வாழிடக் கணக்கில் எல்லாமே சரி. ஆனாலும் செத்து விழுந்தன. ராஜஸ்தானின் கேவலாதேவ் சரணாலயத்தில் 1980-களில் எடுத்த கணக்கு கையில் இருந்ததால்தான், 1990-களின் கடைசியில் திரும்ப எண்ணியபோது சரிவு தெரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி ஊசிதான், செத்த மாட்டைத் தின்ற பாறுகளுக்கு நஞ்சு என்று 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. வேலி போட்டுக் காத்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

வேலிப்பருத்தி:
தடை வந்தபோது வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி போய்விட்டதே! 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறீர்கள்.

கூழைக்கடா:
வெற்றி என்று நான் சொல்லவில்லை. நாடு முழுக்க ஒழுங்கான கணக்கு இல்லாததால்தான் அவ்வளவு தாமதம். எண்ணியதால் வந்த கேடு அல்ல அது.

நடுப்பகல்:
இரண்டு பேருமே எண்ணிக்கை என்றால் ஏதோ ஒரே சரக்கு மாதிரி பேசுகிறீர்கள். விடுமுறை நாளில் பறவை நிறைந்த ஏரிக்குப் போய் அரிய இனத்தைத் தேடி எழுதுகிற பட்டியலும், 1966-இல் தொடங்கிய வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பும் ஒன்றா? அதில் ஒவ்வொரு தடத்திலும் 50 நிறுத்தங்கள். விடியலுக்கு அரை மணி முன்பு தொடங்க வேண்டும். நின்ற இடத்தில் 3 நிமிடம், 400 மீட்டருக்குள் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மட்டுமே கணக்கு. அடுத்த ஆண்டும் அதே தடம், அதே நிறுத்தங்கள். பறவை இல்லாத சலிப்பான நிறுத்தத்திலும் அந்த 3 நிமிடம் நின்றே ஆக வேண்டும். மதிப்பே அதில்தான் இருக்கிறது. செயலிப் பட்டியல்களில் எனக்கு உறுத்துவது இதுதான்: வற்றிப்போன குளத்துக்கு யாரும் போவதில்லை, அதனால் அங்கே பூஜ்யம் என்று யாரும் பதிவதும் இல்லை.

(பட்டியல் நீளத்துக்காக ஓடுகிறவர்கள் என்மீது பாய்வார்கள் என்று தெரியும். பாயட்டும்.)

சேற்றுக்கால்:
பூஜ்யத்தின் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. தென் கொரியாவின் சேமாங்கம் கழிமுகத்தில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் கட்டி 2006-இல் அடைத்தார்கள். அலையேற்றம் நின்றது, சேறு காய்ந்தது, சிப்பிகள் செத்தன. வலசையின் நடுவே அங்கே இறங்கி இரைதேடும் உள்ளான்கள் எங்கே போகும்? பக்கத்துக் கழிமுகங்களுக்குப் போய்விடும் என்று ஒரு வாதம் சொல்லப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் பக்கத்துக் கழிமுகங்களையும் சேர்த்தே எண்ணினார்கள். கிரேட் நாட் என்னும் உள்ளான் வகையில் ஏறத்தாழ 90,000 பறவைகளைக் காணோம். அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் எண்ணிக்கை இறங்கியது. எண்ணியிராவிட்டால் அந்தச் சமாதானம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலிப்பருத்தி:
சுவர் இன்னும் நிற்கிறதே, நண்பரே.

சேற்றுக்கால்:
நிற்கிறது. ஆனால் அதே மஞ்சள் கடலின் மறுகரையில், சீனா 2018-இல் கடலை நிரப்பி நிலமாக்கும் வணிகத் திட்டங்களை நிறுத்தியது. 2019-இல் அந்தக் கரையின் சேற்றுநிலங்களுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. பறவைக் கணக்கு இல்லாமல் அந்த விண்ணப்பத்தில் எதை எழுதியிருப்பார்கள்?

கூழைக்கடா:
ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சாரின் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் வழக்கமாக ஒரு நீர்நிலையில் தங்கினால், அதைப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்தது என்று கோரலாம். மொத்தம் 20,000 நீர்ப்பறவைகள் வந்தாலும் கோரலாம். வாழிடத்தைக் காக்கப் புறப்படுகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது இந்த எண்.

வேலிப்பருத்தி:
சரி, ஓரிடத்தில் கூடுகிற பறவைக்கு அது பொருந்தும். வயல்வெளியில் பரவலாக வாழ்கிற வானம்பாடிக்கு? அதற்கு 1 சதவீதமும் இல்லை, 20,000-மும் இல்லை. நெதர்லாந்தில் தண்ணீரில் இமிடாக்ளோபிரிட் பூச்சிக்கொல்லி மிகுந்த பகுதிகளில் பூச்சியுண்ணும் பறவைகள் வேகமாகக் குறைகின்றன என்று 2014-இல் ஆய்வு வந்தது. நல்ல கணக்குதான், மறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் அதைத் தடை செய்தது 2018-இல். அப்போது சொன்ன காரணம் தேனீ. என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது: எந்த அளவுக்குக் கீழே போனால் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத கணக்கெடுப்பு எதற்கு?

நடுப்பகல்:
இந்தக் கேள்வியோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அந்த அளவை எங்கே வைப்பது என்று கேட்டால், பழைய கணக்கைத்தானே புரட்ட வேண்டும்?