கனெக்டட் காரை விற்கிறேன்: எதையெல்லாம் அழிக்கணும்?

நெடுஞ்சாலை:
உள்ளேயே இ-சிம் இருந்து, அது வழியா இணையத்தோடு இணைஞ்சிருக்கிற கார். ஞாயிற்றுக்கிழமை சாவி கைமாறுது. திரையில் ரீசெட் அடிச்சாச்சு, போனில் இருந்த ஆப்பையும் அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு. இது போதுமா?

டெலிமேட்டிக்ஸ்காரன்:
போதாதுங்க. ஆப்பைத் தூக்கினாலும் உங்க கணக்குக்கும் காரின் சேஸிஸ் நம்பருக்கும் உள்ள இணைப்பு கம்பெனி சர்வரில் அப்படியே கிடக்கும். இன்னொரு போனில் லாகின் பண்ணினால் கார் எங்கே நிற்குதுன்னு தெரியும். பல மாடல்களில் கதவைக்கூடத் திறக்கலாம். வாங்குகிறவர் வீட்டில் பிள்ளைகுட்டிகள் இருக்கலாம், அவர்கள் பாதுகாப்பும் இதில் அடக்கம்.

ஆப்பைத் திரும்பப் போட்டு, வாகனத்தைக் கணக்கிலிருந்து நீக்குங்க. வீட்டில் வேறு யாருக்காவது பகிர்ந்திருந்தால் அதையும் ரத்து பண்ணுங்க. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வேண்டாம், சிக்னல் இல்லைன்னா கட்டளை காருக்குப் போய்ச் சேராது. அதுக்கப்புறம் மறுபடி ரீசெட். சில திரைகளில் ரெண்டு ரீசெட் இருக்கும். ஒண்ணு சவுண்டு, பிரைட்னஸை மட்டும் பழையபடி ஆக்கும். எல்லாப் பயனர் தரவும் அழியும்னு எச்சரிக்கை காட்டுறதுதான் உங்களுக்கு வேணும். முடிஞ்சதும் ப்ளூடூத் பட்டியல், கான்டாக்ட்ஸ், நேவிகேஷனில் 'வீடு' மூன்றும் காலியான்னு கண்ணால் பாருங்க.

ஸ்பேனர்17:
அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் ஓபிடி சாக்கெட் (மெக்கானிக் காரைச் சோதிக்கக் கருவி செருகுற இடம்) இருக்கும். அதில் ஜிபிஎஸ் டிராக்கரோ டாங்கிளோ செருகியிருந்தால் பிடுங்கிடுங்க. அதுக்குத் தனி சிம், தனி சர்வர். திரை ரீசெட் அதைத் தொடாது. டேஷ்கேம் மெமரி கார்டையும் எடுத்திடுங்க.

பலரும் கோட்டை விடுறது ஃபாஸ்டேக்கில். வங்கியில் சொல்லி மூடாவிட்டால் சுங்கச்சாவடிப் பணம் உங்க கணக்கில் போகும், வாங்கினவர் எந்த ஊரைத் தாண்டினார்னு உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும். ரெண்டு பேருக்குமே கேடு. ஆதார் நகல் கேட்டால் முதல் 8 இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்து, குறுக்கே வண்டி எண், தேதி, 'உரிமை மாற்றத்துக்கு மட்டும்'னு எழுதுங்க.

நெடுஞ்சாலை:
நன்றி. பழைய பயண விவரம் சர்வரில் இருக்குமே, அதை என்ன பண்ண?

டெலிமேட்டிக்ஸ்காரன்:
வாகனத்தை நீக்கினால் இணைப்பு அறும், அவ்வளவுதான்; பழைய பதிவு அழியும்னு உறுதியில்லை. ஃபோக்ஸ்வாகன் குழும விவகாரம் 2024 டிசம்பரில் வெளிவந்ததே, அதுதான் சாட்சி. சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவு கிளவுடில் திறந்து கிடந்தது. அதில் கிட்டத்தட்ட 4.6 லட்சம் கார்களுக்குத் துல்லியமான இருப்பிடமும் இருந்தது. ஒரு மென்பொருளின் மெமரி டம்ப் (ஓடும்போது அதன் நினைவகத்தில் இருந்ததன் நகல்) வெளியே தெரிந்தது, அதற்குள்ளேயே கிளவுடின் சாவி இருந்தது. கார் பக்கம் ஓட்டுநர் என்ன அழிச்சிருந்தாலும் அங்கே பிரயோஜனமில்லை.

அதனால் கம்பெனியின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருக்கிற குறைதீர்ப்பு அதிகாரி மின்னஞ்சலுக்கு எழுதுங்க. சேஸிஸ் நம்பர், கணக்கின் மின்னஞ்சல், விற்ற தேதி மூன்றும் போதும். 'பயண வரலாறு, இருப்பிடம், ஓட்டும் முறை ஆகியவற்றை அழிக்கவும், முடித்ததை எழுத்தில் தெரிவிக்கவும்'னு கேளுங்க. அழிக்கக் கேட்கும் உரிமையை 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்லுது. அவங்க தர்ற டிக்கெட் நம்பரை (கோரிக்கை எண்), உரிமை மாற்றத்தை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கிற படிவம் 29 நகலோடு சேர்த்து வைங்க.