பெடல் படகு: ஷாஃப்ட் ஓட்டையில தண்ணி வருது, காத்தாடி (ப்ரொப்பெல்லர்) சுத்துது ஆனா படகு நகரல. உதவி தேவை

ஏரிக்கரை ஃபிட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ ஃபிட்டர் படிச்சவன், மதுராந்தகம் பக்கம் சின்ன வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். லாக்டவுன்ல ஆரம்பிச்ச பைத்தியம், இப்பதான் தண்ணியில இறங்குச்சு. இறங்குன அன்னைக்கே மானம் போச்சு. படமும் போட்டிருக்கேன்.

படகு 13 அடி நீளம், 33 இஞ்ச் அகலம். 6 எம்எம் மெரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை போட்டது. பலகையைச் செம்புக் கம்பியால தைச்சு, மூட்டுல எபாக்ஸிப் பசையும் மரத்தூளும் குழைச்சுப் பூசி, மேல கண்ணாடி நார்த் துணி ஒட்டியிருக்கேன். மொத்த எடை 48 கிலோ, நான் 70. பழைய சைக்கிளோட 44 பல் செயின்வீல், அங்கிருந்து 18 பல் ஃப்ரீவீல், அது ஒரு 7 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரோட தலையில. கிரைண்டர் தலையைத் திருப்பிப் போட்டதால வேகம் கூடி ஷாஃப்ட்டுக்குப் போகுது. ஷாஃப்ட் 12 எம்எம் எஸ்எஸ் ராடு. காத்தாடிக்குப் பழைய டேபிள் ஃபேன் இறக்கையை 12 இஞ்ச்சுக்கு வெட்டிப் போட்டேன்.

பிரச்சனை 1: பின் பலகையில, தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு 4 செ.மீ.ல ஓட்டை போட்டு, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிற 6201 பேரிங் உக்கார வச்சேன். இருபது நிமிஷத்துல ஒரு வாளி தண்ணி உள்ள.

பிரச்சனை 2: மிதிச்சா கால் சும்மா ஓடுது, கனமே தெரியல. பின்னாடி வெள்ளையா நுரை. படகு எருமை மாதிரி நிக்குது. கரையில நின்ன பசங்க வீடியோ எடுத்து ஊர் குரூப்ல போட்டுட்டாங்க.

என்ன செய்யலாம்?

சும்மா வந்தவன்:

ஓட்டையைச் சுத்தி சிலிக்கான் பேஸ்ட் நல்லா கெட்டியா அடிங்க ப்ரோ. எங்க வீட்டு சிங்க்ல அப்படித்தான் அடைச்சேன்.

ஏரிக்கரை ஃபிட்டர்:

அடிச்சுப் பாத்தாச்சு. ஷாஃப்ட் சுத்துற இடத்துல பேஸ்ட் எப்படி நிக்கும்? அரை மணி நேரத்துல பிய்ஞ்சு சேமியா மாதிரி வந்துருச்சு.

ஃபைபர் பட்டறை:

தம்பி, தூத்துக்குடி பக்கத்துல ஃபைபர் படகு கட்டுறவன் சொல்லுதேன். முதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு உறுதி பண்ணுங்க. ஷாஃப்ட் ஓட்டைன்னு நீங்களா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. முக்காவாசி நேரம் வேற ஒரு இடமும் சேர்ந்து ஒழுகும்.

சுலபமான வழி. படகைத் தரைக்கு ஏத்தி, ரெண்டு மரக்கட்டை மேல வச்சு, வெளிப்பக்கம் நல்லா காய விடுங்க. அடிப்பக்கமும் பக்கவாட்டும் கோலமாவை மெல்லிசாத் தூவித் தேய்ச்சு விடுங்க. அப்புறம் படகுக்குள்ள ஏழெட்டு வாளி தண்ணி ஊத்துங்க. ஒழுகுற இடத்துல மாவு ஈரமாகி நிறம் மாறும். பென்சில்ல வட்டம் போட்டுக்கிடுங்க. நாங்க புதுப் படகு இறக்குறதுக்கு முன்னாடி இப்படித்தான் பாப்போம்.

இன்னொன்னு. எபாக்ஸி போட்டேன்னு சொன்னீங்க, நல்லது. எங்க பட்டறையில போடுற பாலியஸ்டர் ரெசினைப் பிளைவுட் மேல போட்டிருந்தா ரெண்டாவது மழைக்கே துணி தோல் உரியுற மாதிரி உரிஞ்சு வந்திருக்கும்.

ஏரிக்கரை ஃபிட்டர்:

அண்ணாச்சி, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. ஷாஃப்ட் ஓட்டை ஒரு வட்டம். அது போக, காத்தாடியைத் தாங்குற கால் திருகியிருக்கேன்ல, அதுல ரெண்டு ஸ்க்ரூ ஓட்டையிலயும் மாவு நனைஞ்சுருச்சு. மூட்டு எதுவும் ஒழுகல. அந்த ஒன்னுல மட்டும் நெஞ்சு நிமிர்ந்துச்சு.

எபாக்ஸியில ஒரு பாடம் படிச்சேன், புதுசா செய்யறவங்களுக்காக எழுதறேன். சித்திரை வெயில்ல ஒரு மக்கு நிறைய கலந்து வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா மக்கு புகையுது, பிளாஸ்டிக் உருகி மேசையோட ஒட்டிக்கிச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து, தட்டுல பரப்பி வைக்கணும்.

மெக்கானிக்கல் வாத்தியார்:

உங்க ரெண்டு பிரச்சனைக்கும் காரணம் ஒன்னுதான், ஷாஃப்ட் கிட்டத்தட்ட படுக்கையா இருக்கு.

அந்த ரப்பர் சீல் பேரிங் தூசிக்காகச் செஞ்சது. நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடக்க அது செஞ்சதில்ல. கிரீஸ் வெளியேறும், தண்ணி உள்ளேறும், கொஞ்ச நாள்ல துருப்பிடிச்சுக் கரகரன்னு சத்தம் வரும். எஞ்சின் படகுல ஷாஃப்ட்டைச் சுத்தி கிளாண்ட்னு ஒரு இறுக்குக் கூடு வச்சு, கிரீஸ் தடவின கயிறைச் சுத்தி இறுக்குவாங்க. அந்த இறுக்கத்தை எஞ்சின் தாங்கும். உங்க கால்ல இருந்து வர்றது 100 வாட். அதுல பாதியைக் கிளாண்ட்டே தின்னுடும்.

அதனால சீலே வேண்டாம். ஒரு குழாய் வையுங்க. குழாயோட கீழ்முனை படகின் அடியில திறந்திருக்கட்டும். மேல்முனை படகுக்குள்ள, வெளித் தண்ணி மட்டத்துக்கு மேல 8 செ.மீ. உயரத்துல முடியட்டும். குழாய்க்குள்ள தண்ணி வெளிமட்டம் வரைக்கும்தான் ஏறும், அதுக்கு மேல ஏறாது. கிணத்துல உறை இறக்குற கதைதான்.

கணக்கு: உங்க படகும் நீங்களும் சேர்ந்து 118 கிலோ. தட்டையான அடி, அதனால ஆறு ஏழு சென்டிமீட்டர்தான் முங்கும். குழாயை 15 டிகிரி சாய்வுல வச்சா, அடியிலிருந்து மேல்முனை வரைக்கும் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவா குழாய் போதும். அதே சாய்வுல ஷாஃப்ட் வெளிப்பக்கம் இரண்டரை அடி நீண்டா காத்தாடி மையம் 25 செ.மீ. ஆழத்துக்குப் போயிடும். இப்ப எவ்வளவு ஆழத்துல இருக்கு, அளந்து சொல்லுங்க.

ஏரிக்கரை ஃபிட்டர்:

நான் உக்காந்திருக்கும்போது தம்பியை விட்டு அளந்தேன் சார். மையம் 12 செ.மீ. ஆழம்.

மெக்கானிக்கல் வாத்தியார்:

12 இஞ்ச் காத்தாடின்னா மையத்துலருந்து நுனிக்கு 15 செ.மீ. மையம் இருக்கிறது 12ல. ஒவ்வொரு சுத்துக்கும் இறக்கை நுனி தண்ணிக்கு வெளிய வந்து காத்தை அள்ளிக்கிட்டு உள்ள போகுது. அந்த நுரை அதுதான். கால் லேசா ஓடுறதும் அதனாலதான், நீங்க மோர் கடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க.

ஃபேன் இறக்கையும் ஆகாது. அகலம் ஜாஸ்தி, தகடு மெலிசு, தண்ணியில வளைஞ்சுக்கும். மனுஷக் காலுக்கு ரெண்டே இறக்கை, நீளமா, ஒல்லியா, மெதுவாச் சுத்தணும். 14 இஞ்ச் விட்டம், ரெண்டு இஞ்ச் அகலம், 3 எம்எம் எஸ்எஸ் தகடு. நீங்க வெல்டர், இது உங்க கைவேலை.

முறுக்குதான் முக்கியம். ஒரு சுத்துக்கு 30 செ.மீ. முன்னேறணும்னு வச்சுக்குவோம். தாள்ல ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்க. உயரம் எப்பவும் 30. அடிக்கோடு, அந்த இடத்துல இறக்கை சுத்துற வட்டத்தோட சுற்றளவு. மையத்துலருந்து 5 செ.மீ. தள்ளி சுற்றளவு 31, அங்க கோணம் 44 டிகிரி. 12 செ.மீ.ல சுற்றளவு 75, கோணம் 22. நுனியில சுற்றளவு 110, கோணம் 15. அட்டையில மூணு கோணத்தையும் வெட்டி வச்சுக்கிட்டு, பைப் ரெஞ்ச்ல தகட்டை முறுக்கி, அட்டையை ஒட்ட வச்சுச் சரி பாருங்க.

கிரைண்டர் தலையில பல் எத்தனைன்னு எண்ணீங்களா?

ஏரிக்கரை ஃபிட்டர்:

37க்கு 12 சார்.

மெக்கானிக்கல் வாத்தியார்:

அப்ப மூணு மடங்கு. செயின் 2.4 மடங்கு. நீங்க நிமிஷத்துக்கு 50 மிதிச்சா காத்தாடி 375 சுத்து. வழுக்கல் 15 சதம் கழிச்சா மணிக்கு 5.7 கி.மீ. வரணும். இதுக்கு மேல பெருசா ஆசைப்படாதீங்க. உங்க படகு நீளத்துக்கு மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வேகத்துகிட்ட ஒரு சுவர் இருக்கு. அதைத் தாண்டி மிதிச்சா அலைதான் பெருசாகும்.

சும்மா வந்தவன்:

யூடியூப்ல ஒருத்தர் பெடல் படகுல பறக்கிறாரே சார்?

மெக்கானிக்கல் வாத்தியார்:

அது தண்ணிக்கடியில சின்ன இறக்கை வச்சுப் படகையே மேல தூக்கிடறது. 1991ல அமெரிக்காவோட எம்ஐடியில மார்க் ட்ரேலா அப்படித்தான் 18.5 நாட் போனார், மணிக்கு 34 கிலோமீட்டர். அந்தக் கலத்துல தள்ளுறதும் தண்ணிக் காத்தாடி இல்ல, பின்னாடி ஒரு பெரிய காத்து விசிறி. நம்ம ஃபிட்டருக்கு முதல்ல ஏரியோட அக்கரை போகட்டும்.

காரைநகரான்:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணப் பக்கம், சின்ன வயசிலயிருந்து வள்ளத்தில வளர்ந்தனான். இரண்டு விசயம் சொல்லவேணும்.

உங்கட படத்தில இருக்கை சைக்கிள் சீட் மாதிரி உயரமாக் கிடக்கு. 33 இஞ்சி அகலத்துக்கு அது சரிவராது. திரும்பேக்க ஒருக்கா உடம்பு சாய்ஞ்சால் அவ்வளவுதான். இருக்கையை அடிப்பலகையில இருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, காலை முன்னுக்கு நீட்டி மிதிக்கிற மாதிரிச் செய்யுங்கோ.

மற்றது, ஃப்ரீவீல். உங்கட ஏரியில ஆகாயத்தாமரை இருக்குமே? அதின்ர வேர் காத்தாடியில சுத்தினால் என்ன செய்வியள்? பின்னுக்கு மிதிச்சால் ஃப்ரீவீல் சும்மா கிர்ரெண்டு சுத்தும், காத்தாடி அசையாது. நடு ஏரியில தண்ணியில குதிச்சுத்தான் பிடுங்கவேணும். ஃப்ரீவீலை எடுத்துப்போட்டு நிலையான பல்லுச் சக்கரம் போடுங்கோ. பின்னுக்கு மிதிச்சால் வேர் கழண்டு வரும், படகும் பின்னுக்கு வரும்.

ஃபைபர் பட்டறை:

காரைநகர் அண்ணன் சொல்றது சரி. ஆனா பின்னாடி மிதிச்சா கிரைண்டர் மரை கழண்டுரும் தம்பி, ஒரு பின் அடிச்சுக்கிடுங்க.

சீட்டு இறக்கியும் ஆட்டம் இருந்தா, 6 இஞ்ச் பிவிசி குழாய் ரெண்டு மீட்டர் வாங்கி ரெண்டு முனையும் மூடி ஒட்டி, ஒரு பக்கம் சிறகு மாதிரிக் கட்டுங்க. முழுசா முங்குனா 40 கிலோ தூக்கும். அழகு போயிரும், உயிர் இருக்கும்.

அணியத்துலயும் (முன்பக்கம்) அமரத்துலயும் (பின்பக்கம்) காலி 20 லிட்டர் கேன் ரெண்டு ரெண்டு கட்டி வைங்க. பிளைவுட் மிதக்கும், ஆனா தண்ணி நிறைஞ்ச பிளைவுட் படகு உங்களைத் தாங்காது. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க. நீச்சல் தெரியும்னு சொல்ற ஆளுங்கதான் எங்க ஊர்ல அதிகமா போயிருக்காங்க.

பலகையைத் தைச்சேன்னு சொன்னீங்களே, நல்ல சிரிப்பு வந்துச்சு. சோழமண்டலக் கரையில மசூலாப் படகு முழுக்கத் தேங்காநார்க் கயிறால தைச்சதுதான், ஆணியே கிடையாது. அலையில அடிபட்டா வளைஞ்சு கொடுக்கும். நீங்க செம்புக் கம்பிக்கு மாறியிருக்கீங்க.

ஏரிக்கரை ஃபிட்டர் (18 நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. செஞ்சதை வரிசையாச் சொல்றேன்.

பின் ஓட்டையில எபாக்ஸி தடவின மரக்கட்டை அடிச்சு மூடினேன். அடியில புதுசா வெட்டும்போதுதான் ஒன்னு புரிஞ்சுது: 25 எம்எம் குழாய் 15 டிகிரி சாய்வா நுழையணும்னா ஓட்டை வட்டமா வராது, நாலு இஞ்ச் நீளத்துக்கு முட்டை மாதிரி வருது. சொந்தப் படகோட வயித்துல அவ்வளவு பெரிய ஓட்டை போடக் கை வரல, ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். குழாயைச் சுத்திக் கட்டைவிரல் தடிப்புக்கு எபாக்ஸிக் கரை கட்டி, மேல மூணு அடுக்கு துணி.

குழாய்க்குள்ள ஷாஃப்ட்டைத் தாங்க முதல்ல நைலான் புஷ் (வளையம்) கடைஞ்சு போட்டேன். வாளித் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சுப் பாத்தா ஷாஃப்ட் இறுகிக்கிச்சு, நைலான் தண்ணி குடிச்சு ஊதுது. டெல்ரின்ங்கிற வேற பிளாஸ்டிக் வாங்கி மறுபடி கடைஞ்சேன், லேசா ஆட்டம் விட்டு. இப்ப சுண்டுவிரல்ல சுத்துது.

தாங்குகால் ஸ்க்ரூ ஓட்டையைப் பெருசாத் துளைச்சு, எபாக்ஸி ஊத்திக் காயவிட்டு, அதுக்குள்ள மறுபடி சின்னதாத் துளைச்சேன். ஸ்க்ரூ இப்ப மரத்தைத் தொடவே இல்ல.

முதல் நாள் நான் ஏறல. 70 கிலோ மணல் மூட்டை வச்சு, இடுப்பளவு தண்ணியில ஒரு மணி நேரம் விட்டேன். குழாய் வாய்க்குள்ள எட்டிப் பாத்தா, தண்ணி மூணு விரக்கடை கீழயே பேசாம நிக்குது. அதைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்.

மறுநாள் நான். ஏரிக்கரையில 200 மீட்டர் அளந்து ரெண்டு குச்சி நட்டேன். 2 நிமிஷம் 5 செகண்ட். வாத்தியார் சொன்ன 5.7 அப்படியே வந்துச்சு. நுரை இல்ல, பின்னாடி தண்ணி மட்டும் லேசா சுருண்டு போகுது. கால் இப்ப கனமா இருக்கு, மேட்டுல சைக்கிள் மிதிக்கிற மாதிரி. ஆகாயத்தாமரையில ரெண்டு தடவ மாட்டினேன், பின்னாடி மிதிச்சதும் விட்டுருச்சு. சீட்டை இறக்கினதால சிறகுக்குழாய் தேவைப்படல, அலை அடிக்கிற நாள்ல பாத்துட்டு முடிவு பண்ணணும்.

ஒன்னு சொல்ல விட்டுட்டேன். மீன் குத்தகைக்காரர் கரையில நின்னு கத்திக்கிட்டே இருந்தார், காத்தாடி வலையை அறுத்துரும்னு. அவருக்குத் தகவல் சொல்லாம இறக்குனது என் தப்புதான். அவரையே உக்கார வச்சு, வலை மிதவை ஓரமா சத்தமில்லாம ஒரு ரவுண்டு போகச் சொன்னேன். இறங்கினதும் கேக்கறார்: ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி, நடுவுல மீன் கூடை வைக்க இடம் விட்டு, ஒன்னு செஞ்சு தருவியா?

16 அடி போதுமா சார், இல்ல 18 போகணுமா?

ஃபைபர் பட்டறை:

16 போதும். அட்வான்ஸ் கைக்கு வந்தப்புறம் பிளைவுட் வாங்குங்க தம்பி.