மொரிஸ் மைனர் 1000: வெயிலில் ஓடினால் நின்றுவிடுகிறது

வணக்கம். யாழ்ப்பாணத்தில் 1958 மொரிஸ் மைனர் 1000 கார் வைத்திருக்கிறேன். 948 சிசி எஞ்சின், எஸ்.யு. கம்பனியின் காபுரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), அதே எஸ்.யு. மின்சாரப் பெற்றோல் பம்ப். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். மத்தியான வெயிலில் சாவகச்சேரிப் பக்கம் போனால் கைதடி தாண்டுவதற்குள் இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பங்குனி வெயில் தொடங்கியபிறகுதான் இந்தத் தொல்லை.

ஸ்பார்க் தரும் பாகங்களான கொயில், கண்டென்சர், பிளக் எல்லாம் புதிது. பாசிட்டிவ் எர்த் வண்டி (பற்றரியின் பாசிட்டிவ் முனை பொடியோடு இணைந்தது) என்பதால் கொயில் வயர்களைப் பார்த்துத்தான் மாட்டினேன். நின்ற கையோடு சோதித்தாலும் ஸ்பார்க் நீலமாக, நன்றாக வருகிறது. பெற்றோல் டாங்க் மூடியைத் தளர்த்திவிட்டும் ஓட்டிப் பார்த்தேன், குழாயை ஊதிச் சுத்தம் செய்தேன், பலனில்லை. ரேடியேட்டர் கொதிப்பதில்லை.

எனக்கு உறுத்துவது பம்ப்தான். வண்டி நிற்கும் நேரத்தில் அது விடாமல் படபடவென்று அடிக்கிறது. ஆனால் காபுரேட்டரில் பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவை அறையைத் திறந்தால் பெற்றோல் பாதிகூட இல்லை. அப்பா ஓட்டிய கார், சும்மா நிறுத்திவைக்க மனம் வரவில்லை.

பம்பின் டயப்ரமும் (பெற்றோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) வால்வும் போய்விட்டனவா, அல்லது சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைக்கிறதா? எதை முதலில் பார்க்கலாம்?