4 டேப்லெட், 22 பிள்ளைகள்: வாசிப்புச் செயலியில் நட்சத்திரம் குவிகிறது, புத்தகத்தில் வரி ஓடவில்லை

குலசேகரம்_தொடக்கப்பள்ளி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஈராசிரியர் பள்ளி. 3, 4, 5 வகுப்பு சேர்த்து 22 பிள்ளைகள். 4 டேப்லெட்டும் ஹெட்போனும் உண்டு. பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி, தவறு சொல்லும் தமிழ்ச் செயலி ஒன்றை இரண்டு மாதமாகத் தினமும் ஓட்டுகிறோம். எல்லாருக்கும் நட்சத்திரம் ஏறுகிறது. ஆனால் பாடநூலைக் கையில் கொடுத்தால் 9 பேருக்கு ஒரு வரி நகரவில்லை. சிக்னல் இல்லாததால் கதைகளை முன்பே இறக்கி வைத்திருக்கிறோம். தகரக் கூரை, மழை பெய்தால் செயலிக்கு ஒன்றும் கேட்பதில்லை. எங்கே பிழை? யாருக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்?

---

தக்கலை_வாசிப்பு எழுதியது:

டீச்சர், அந்த 9 பேரும் வாசிக்கவில்லை, திருப்பிச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட செயலிகளில் சொல்லைத் தொட்டால் அதுவே உச்சரித்துக் காட்டும். பிள்ளை தொடும், கேட்கும், அப்படியே சொல்லும், நட்சத்திரம் விழும். கண் எழுத்தின் மேல் நிற்கவே இல்லை. பக்கத்தில் 2 நிமிடம் நின்று பாருங்கள். ஒரு வரியில் பாதிக்கு மேல் சொற்களைத் தொட்டுவிட்டுச் சொன்னால் அந்தக் கதை அந்தப் பிள்ளைக்கு இன்னும் எட்டவில்லை.

முதலில் காகிதத்தில் தரம் பிரியுங்கள், செயலியின் கணக்கை நம்ப வேண்டாம். பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்கும் அசர் ஆய்வில் செய்வது போல எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி போதும். 5 எழுத்தில் 4 சரியானால் சொல்லுக்குப் போகலாம், 5 சொல்லில் 4 சரியானால் பத்திக்கு. தனித்தனியாக, மற்றப் பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மனப்பாடமாக ஒப்பிப்பதுதான் இந்தச் சோதனையைக் கெடுக்கும். அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

எழுத்துப் படியில் நிற்கிறவர்களுக்குக் கதைச் செயலியை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி. பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் விளையாட்டு இந்த முறையில்தான் அமைந்தது: ஒலி கேட்கும், திரையில் இரண்டு மூன்று எழுத்து நிற்கும், சரியானதைத் தொட வேண்டும். அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் வந்த கட்டுரையின் முடிவு நமக்கும் பொருந்தும். விளையாட்டை மட்டும் கொடுத்த இடங்களில் சராசரியாகச் சொல் வாசிப்பு மேம்படவில்லை. பெரியவர் கூட இருந்து ஈடுபட்ட இடங்களில்தான் பலன் தெரிந்தது.

நேரக்கணக்கு: மீதி 13 பேரை 4 குழுவாக்குங்கள். தினம் 15 நிமிடத்தில் 2 முறை என்றால் வாரம் 10 முறை. குழுவுக்கு வாரம் 2 வீதம் 8 போகும். மிச்சம் 2, எழுத்துப் படியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு. டேப்லெட் ஓடும் நேரத்தில் நீங்கள் அந்த 9 பேரோடு எழுத்து அட்டை வைத்து உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி 3 நிமிடம் மட்டும் டேப்லெட் பக்கம் வந்து, அன்றைய கதையிலிருந்து 5 சொல்லைத் தாளில் கலைத்து எழுதிக் காட்டுங்கள். அதில் 4 வாசித்தால்தான் அந்தக் கதை முடிந்ததாகக் கணக்கு.

---

மார்த்தாண்டம்_கணினி எழுதியது:

மழைச் சத்தத்துக்கு: டேப்லெட்டின் உள் மைக் வகுப்பு முழுவதையும் கேட்கும். வாய்ப் பக்கம் நீண்டு வரும் மைக் உள்ள வயர் ஹெட்செட் வேண்டும். மைக் உதட்டுக்கு நேரே இருந்தால் மூச்சுக் காற்று மோதி 'ப' போன்ற ஒலி கெடும். வாயோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். புளூடூத் வேண்டாம், நாலும் ஒரே அறையில் மாறி மாறி இணைந்து குழப்பும்.

ஹெட்செட்டின் குத்தும் முனையைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக்கும் உண்டு. இரண்டுதான் என்றால் அது கேட்க மட்டும், பிள்ளை என்ன கத்தினாலும் உள் மைக்தான் வேலை செய்யும். பழைய மேசைக் கணினியில் காதுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளை இருக்கும். மூன்று வளைய ஹெட்செட்டை அதில் பச்சைத் துளையில் நேரே செருகினால் ஒலி வரும், மைக் வராது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் வாங்கினால் சரியாகும்.

வெள்ளிக்கிழமை சார்ஜில் போட்டுவிட்டுத் திங்கள்கிழமை எடுக்கிற பழக்கம் பேட்டரியை உப்ப வைக்கும். பாதி, முக்கால் அளவில் கழற்றி வையுங்கள். முதுகு உப்பிய டேப்லெட்டைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. முழுக்கச் சார்ஜ் இறங்கிப் போனால் சிலவற்றில் தேதி பின்னோக்கிப் போய்விடும். பிறகு சிக்னல் உள்ள இடத்துக்கு எடுத்துப் போனாலும் செயலி இணையாது. தேதியைத் திருத்தினாலே போதும். கொளச்சல், முட்டம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் துளை துருப்பிடிக்கும். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

---

குலசேகரம்_தொடக்கப்பள்ளி:

நன்றி சார். பார்த்தேன், எங்கள் நாலில் மூன்று இரண்டு வளையம்தான். இன்னொரு சந்தேகம். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கும் சில சொல்லில் செயலி தவறு காட்டுகிறது. பேச்சு வழக்குதான் காரணமா?

---

விளவங்கோடு_தமிழ் எழுதியது:

டீச்சர், இதில் மூன்று விஷயம் கலந்திருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, படத்தைப் பார்த்துச் சொல்வது. பலாப்பழப் படத்தின் கீழே 'பலா' என்று இருக்க, பிள்ளை 'சக்கை' என்கிறது. 'தண்ணீர்' என்று இருக்க 'வெள்ளம்' என்கிறது. செயலி தவறு என்பது சரிதான், பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பொருள் பிள்ளைக்குத் தெரியும், அது பெரிய முதல். "நம்ம ஊர்ல சக்கை, புத்தகத்துல பலா" என்று கரும்பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டிவிட்டு, படத்தைக் கையால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சொல்லைத் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை வாயையே மூடிவிடும்.

இரண்டு, எழுத்துக் கூட்டி வாசிப்பது. 'ப... ட... ம்' என்று பிள்ளை விட்டு விட்டுச் சொன்னால் இயந்திரம் அதை ஒரு சொல்லாகப் பிடிக்காது. மனதுக்குள் கூட்டி, பிறகு ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். எழுத்துக்கு ஒரே ஒலி என்று கற்றுக் கொடுத்தாலும் இங்கே இடிக்கும். 'பக்கம்', 'பகல்', 'பங்கு' மூன்றிலும் உள்ள க ஒன்றுபோல் ஒலிக்காது. இரட்டித்தால் வன்மை, நடுவில் தனியே வந்தால் மென்மை, ங்-க்குப் பின் வேறு. இந்த மூன்று சொல்லையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று, எழுத்துருக் கோளாறு. சில எழுத்துருக்களில் துணைக்காலும் 'ர'வும் ஒன்றாகத் தெரியும், 'கௌ'வின் பின்பகுதி 'ள' போலவே நிற்கும். 'கெ', 'கொ' இவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்தாலும் ஒலி பின்னால்தான் வருகிறது. 3ஆம் வகுப்பில் தடுக்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்குவார்கள். கொம்பு வரிசைக்கு மட்டும் ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் அடிப்படை வாசிப்புத் திட்டமான நிபுன் பாரத் 3ஆம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. தமிழில் 'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரே சொல். அதனால் அந்த எண்ணை வைத்துப் பிள்ளையை விரட்டாதீர்கள். 15 நாளுக்கு ஒருமுறை, பிள்ளை முன்பு பார்க்காத, அதே கடினமுள்ள பத்தியை 1 நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியான சொற்களை மட்டும் எண்ணி அந்தப் பிள்ளையின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். வாசித்து முடித்ததும் "யாரு வந்தா? எதுக்கு வந்தா?" என்று இரண்டு கேள்வி. எண் ஏறி, பதில் வரவில்லை என்றால் கதையை ஒரு படி இறக்குங்கள்.

புத்தகத்துக்கு, பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த 'நுழை', 'நட' கதைப் புத்தக வரிசைகளைச் செயலிக் கதையோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. திரையில் வாசித்த கதையையே மறுநாள் தாளில் கொடுத்தால் தொட்டுக் கேட்க வழியில்லை, யார் வாசிக்கிறார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.