பெர்1 என்ற உடல்கடிகார மரபணுவை நீக்கினால் பெண் சுண்டெலிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இரவு ஷிஃப்ட்காரரின் சிறுநீரை எப்படிப் பிரிப்பது?

யீஷூன்_நெஃப்ரான்:
இரவு ஷிஃப்ட் தாதியர், பாதுகாவல் அதிகாரிகளின் சோடியம் வெளியேற்றத்தை அளக்கும் திட்டம். காலை 7, இரவு 7 எனப் பிரித்து இரண்டு ஜாடி போதுமா? பெர்1 இல்லாத ஆண் சுண்டெலிக்கு உப்புத் தீனியும் மினரலோகார்ட்டிகாய்டும் (உப்பைத் தேக்கும் ஹார்மோன்) கொடுத்தால் ஓய்வுநேர ரத்த அழுத்தம் இறங்குவதில்லை. பெண்ணுக்கு வழக்கம்போல் இறங்குகிறது. ஆண்களை மட்டும் எடுத்தால் குழப்பம் குறையும்தானே?

கிரியேட்டினின்_காக்கா:
சுவர்க்கடிகாரத்தை விடுங்கள், தூக்கத்தை வைத்துப் பிரியுங்கள். எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறிக்கவும். அதன்பின் எல்லாம் விழிப்பு ஜாடி. படுக்கப்போகுமுன் கழிப்பதும் அதில்தான். இடையில் எழுந்து கழிப்பதும் மறுநாள் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரும் தூக்க ஜாடிக்கு. இதில்தான் பாதிப்பேர் தவறுவார்கள்.

செறிவை ஒப்பிடாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக, விழிப்பு 1.2 லிட்டர் × லிட்டருக்கு 110 = 132 மில்லிமோல், 16 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.25. தூக்கம் 0.4 × 90 = 36, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 4.5. மொத்தம் 168, சோடியத்தின் அணு எடையான 23ஆல் பெருக்கினால் 3,864 மில்லிகிராம் சோடியம், கிட்டத்தட்ட 10 கிராம் உப்பு. இரண்டு ஜாடியிலும் சேர்த்து ஒரு நாள் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) ஆணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20-25, பெண்ணுக்கு 15-20 மில்லிகிராமுக்கு வெகுவாகக் கீழே போனால் ஜாடி முழுமையில்லை. நம் வெயிலுக்குக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

சேய்மைக்குழல்:
ஆண்களை மட்டும் எடுப்பது வீண். உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் பெர்1ஐத் தூண்டும், பெர்1 சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழலில் ஈநாக் ஆல்ஃபா (சோடியத்தை உறிஞ்சும் வாய்க்காலின் ஒரு பகுதி) மரபணுவை ஏற்றும். கடிகார மரபணுவே உப்புத் திருகையும் பிடித்திருக்கிறது. சிறுநீரகக் குழல்களில் பிமால்1 என்ற இன்னொரு கடிகார மரபணுவை நீக்கினாலும் ஆண் சுண்டெலிக்குத்தான் அழுத்தம் குறைகிறது.

பெண் எலியின் அண்மைச் சுருள் குழலில் (சிறுநீரகக் குழலின் தொடக்கப் பகுதி) என்எச்இ3 என்ற சோடியம் கடத்தியின் உறிஞ்சல் குறைவு. உப்பு கீழே கூடுதலாக இறங்குகிறது, குழலின் சேய்மைப் பகுதியில் பாஸ்பேட் ஏறி இயங்கும் என்சிசி (இன்னொரு உப்புக் கடத்தி) அதிகம். உப்புநீர் செலுத்தினால் பெண்ணே வேகமாகக் கழிக்கிறது. என் கணிப்பு: உறிஞ்சும் இடம் வேறு என்பதால் ஒரு மரபணு போனாலும் சமாளிக்கிறது. ஆனால் சுண்டெலி இரவில் விழித்திருக்கும், அதன் ஓய்வு விளக்கு எரியும்போது. ஆய்வேடுகளில் வரும் இசட்டி12 என்பது விளக்கு அணையும் நேரம், அதை நண்பகலாக எண்ணிவிடாதீர்கள்!

யீஷூன்_நெஃப்ரான்:
ஒரு நாள் சேகரிப்பு போதுமா அண்ணே?

சேய்மைக்குழல்:
போதாது. செவ்வாய்ப் பயணத்தைப் பாவனை செய்த மார்ஸ்500 ஆய்வில் உப்பு அளவு மாறாமலே வெளியேற்றம் சுமார் வார இடைவெளியில் ஏறி இறங்கியது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பது வேறு விஷயம். குறைந்தது மூன்று நாள் எடுங்கள். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சி நாளையும் பதியுங்கள்: பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் ஆல்டோஸ்டிரோன் ஏற்பியை மறிக்கும், ஆல்டோஸ்டிரோன் கூடும். ஷிஃப்ட் மாறிய முதல் இரண்டு மூன்று நாளில் எடுக்கவேண்டாம். இரவில் சாப்பிட்ட பரோட்டாவும் மீ கோரெங்கும் எத்தனை மணிக்கு என்பதும் படிவத்தில் இருக்கட்டும்.