டுவாஃபிளெக்ஸ் வ்யூஃபைண்டர் வழியாகப் படம் எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே, பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். தாத்தாவின் பழைய கோடாக் டுவாஃபிளெக்ஸ் ஃபிலிம் கேமரா கையில் கிடைத்தது. அதற்கான 620 ஃபிலிமை கோடாக் 1995லேயே நிறுத்திவிட்டது, சரி, ஃபிலிம் வேண்டாம், மேலே இருக்கும் வ்யூஃபைண்டர் குமிழ்க் கண்ணாடியில் தெரியும் சதுரக் காட்சியையே என் டிஜிட்டல் கேமராவில் எடுத்துவிடலாம் என்று கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி ஒரு குழாய் செய்து இரண்டு கேமராவுக்கும் நடுவில் மாட்டினேன். சோமேஸ்வரர் கோயில் கோபுரம் அழகாகவே விழுந்தது. இடம் வலமாக மாறித் தெரிவதால் பக்கத்துக் கடைப் போர்டு மட்டும் இடவலம் மாறிய தமிழ் மாதிரி ஏதோ ஆகிவிட்டது, அதைக் கணினியில் திருப்பிக்கொள்ளலாம்.

பிரச்சினை ஃபோகஸ். ஆட்டோவில் விட்டால் கண்ணாடி மேல் இருக்கும் தூசியைப் பிடிக்கிறது, கோபுரம் மங்குகிறது. கையால் திருப்பினால் டிஜிட்டல் கேமராவின் 18-55 லென்ஸ் அவ்வளவு கிட்டே வர மறுக்கிறது, தள்ளிப் போனால் சதுரம் சின்னதாகிவிடுகிறது. லென்ஸ் முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி மாதிரியான குளோஸ்அப் ஃபில்டர் போதுமா, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் போடும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கணுமா? மிகக் கிட்டத்தில் எடுப்பதற்கென்றே இருக்கும் மேக்ரோ லென்ஸ் என்று மட்டும் சொல்லாதீர்கள், மாசக் கடைசி. அப்புறம் தூசி எனக்குப் பிடித்திருக்கிறது, துடைக்கச் சொல்ல வேண்டாம்.